திசையன்விளையில் எடுத்த ரத்தம்

ரயில் திருநெல்வேலி ஜங்ஷனை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரில் ஏப்ரல் மாதத்திலும் கம்பளிச் சட்டை வேண்டும். இங்கே நடைமேடையில் கால் வைத்ததும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெட்டியைத் தூக்க வந்தவரிடம் வேண்டாம் என்றேன். அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெட்டி சக்கரத்துல போயிரும் அண்ணாச்சி. நீங்க எதுல போவிய?"

பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நடந்தேன்.

பாளையங்கோட்டை என்றதும் ஆட்டோக்காரர் யார் வீட்டுக்கு என்று கேட்டார். யார் வீட்டுக்கும் இல்லை, லாட்ஜுக்கு என்றேன். "பேச்சுல நம்மூரு தெரியுது. நம்மூருக்கு வந்து லாட்ஜ்ல தங்குதியளா?" என்று கண்ணாடி வழியாகப் பார்த்தார். எங்கள் வீடு கைமாறி வெகுகாலம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது பல் மருத்துவமனை இருக்கிறது. அதைச் சொன்னதும், "பல்லு வலி வந்தா சொந்த வீட்டுக்குப் போன மாதிரிதான்" என்றார்.

ஆற்றுப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. கீழே தாமிரபரணி மணல் தெரிய ஒதுங்கி ஓடியது. எங்கள் ஜெர்மன் ஊரிலும் ஓர் ஆறு உண்டு. இரண்டு பக்கமும் கல் அடுக்கி, நடுவில் நேராக ஓட விட்டிருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாக அதன் கரையில் நடக்கிறேன். அதில் ஒருவர் குளித்து நான் பார்த்ததில்லை.

நான் ஊரைப் பார்க்க வரவில்லை. திசையன்விளையில் ஒரு பெண்ணிடம் ஒரு செய்தி சொல்ல வந்தேன். முப்பது வருடங்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய செய்தி. அது என்ன என்பதைச் சொல்வதற்கு முன் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற மிகச் சிறிய உறுப்புகள் இருக்கின்றன. உண்ட உணவைச் சக்தியாக்குவது அவற்றின் வேலை. அவற்றுக்குத் தனியாக ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே வரும். அப்பாவுக்கு அதில் பங்கு இல்லை. அம்மா, அம்மாவின் அம்மா, அவளுடைய அம்மா என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். தலைமுறைகள் போகப்போக அதில் எங்கோ ஓர் எழுத்து மாறும். அந்த மாற்றங்களை வைத்து எந்தப் பகுதி மக்களின் தாய்வழி எங்கே கிளை பிரிந்தது என்று பார்ப்போம். நான் ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அந்த வேலையைத்தான் செய்தேன். பாபநாசத்து மலையடிவாரம் தொடங்கி கடற்கரைச் செம்மண் காடு வரைக்கும் ரத்தம் எடுத்து ஆராய்வது என்று முடிவானபோது, ஊர்க்காரன் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

வந்த மறுநாள் பாபநாசம் போனேன். அங்கேதான் முப்பது வருடங்களுக்கு முன் வேலையைத் தொடங்கினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு கட்டு வாழை இலையை மடியில் வைத்துக்கொண்டு, இலை என் மேல் உரசும்போதெல்லாம் "பச்சைதான், ஒட்டாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அம்பாசமுத்திரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயலின் பச்சை. மலை கிட்டே வந்துவிட்டது.

படித்துறையில் பொரி வாங்கிப் போட்டால் பெரிய பெரிய மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு வரும். இன்னும் வருகின்றன. படிகளில் ஈரத்துணிகள் குவிந்து கிடந்தன. குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றோடு விடுகிற வழக்கம் இப்போது அதிகமாகிவிட்டது போலும். ஓர் அம்மாள் தன் கணவரை அதட்டிக்கொண்டிருந்தார்: "வேட்டிய விட்டது சரி. அதுல கட்டியிருந்த சாவிய ஏன் விட்டிய?" அவர் இடுப்பளவு நீரில் நின்று காலால் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் இதே படித்துறைக்கு மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரிடமும் ஒரே கேள்வி: உங்கள் அம்மாவின் அம்மாவுக்கு எந்த ஊர், என்ன பேர்? அப்பாவழியில் ஐந்து தலைமுறையை மூச்சுவிடாமல் சொன்ன பெரியவர் ஒருவர் இந்தக் கேள்விக்கு விழித்தார். "ஆச்சி பேரா? ஆச்சி பேரு ஆச்சிதான் சார்" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெயர் சொல்லப்படாமல் இருந்தது. அதுவும் தாய்வழிப் பெயர்தான்.

என் அம்மா பேரின்பத்துக்கு ஒரே தங்கை, ரூபி. எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது ரூபி சித்தி, பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு சைவ வீட்டுப் பையனோடு போய்விட்டாள். இந்தப் பாபநாசம் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள் என்று பின்னால் காதில் விழுந்தது. என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். எங்கள் கிறிஸ்தவ சபையில் எழுந்து நின்று, அவள் எங்களுக்குச் செத்துப்போனாள் என்று சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பெயர் இல்லை. அம்மாவின் சிரிப்பும் குறைந்தது. அம்மா சத்தமாகச் சிரிப்பாள். வாயை மூடிச் சிரிக்கத் தெரியாது. தெருமுனையில் வரும்போதே உள்ளே அம்மா சிரிப்பது கேட்கும். வேதக்கோயில் ஆராதனையின் நடுவில் ஒருமுறை சிரித்துவிட்டு அப்பாவிடம் ஒரு வாரம் திட்டு வாங்கினாள்.

ரத்தம் எடுக்க நான் வந்தபோது அப்பா உயிரோடு இல்லை. அம்மா எழுபதைத் தாண்டியிருந்தாள். நான் எந்தெந்த ஊருக்குப் போகிறேன் என்று கேட்டுவிட்டு, சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "தெக்க போறேல்லா, ரூபி எங்கயாவது இருக்காளான்னு பாருலே. ஏங்கிட்ட கூட்டிட்டு வர வேண்டாம். இருக்கான்னு மட்டும் சொல்லு."

இவ்வளவுதான் அவள் கேட்டது. சரி என்றேன்.

மீன்களுக்கு மிச்சப் பொரியையும் போட்டுவிட்டு, படித்துறைக்கு எதிரே ஒரு கடையில் இட்லி சாப்பிட்டேன். மிளகாய்ப்பொடிக்கு எண்ணெய் தாராளமாக விட்டார்கள். என் மருத்துவர் பார்த்திருந்தால் எழுந்து போயிருப்பார்.

அதற்கடுத்த நாள் திசையன்விளை பஸ். ஊர்களைத் தாண்டியதும் நிலம் சிவப்பானது. பனைகளும் முள்ளும் தவிர வேறொன்றும் இல்லாத இடமாகப் பார்த்து டயர் வெடித்தது. கண்டக்டர் இறங்கி டயரைப் பார்த்துவிட்டு, எல்லோரும் இறங்கச் சொன்னார். ஓர் அம்மாள் மட்டும் இறங்க மறுத்தார். "டயருதான வெடிச்சுது? சீட்டு நல்லாத்தான இருக்கு." கண்டக்டர், "பைய ஏறி, பைய இறங்கி, ஒங்களுக்கே ஒரு பஸ்ஸு விடணும்" என்று முனகினார்.

சாலையோரத்தில் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார்கள். பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைச் சீவிப் போட்டுக் கொடுத்தார்கள். ஓலையின் வாசனையோடு குடிக்க வேண்டியது அது. பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் மறந்துபோயின.

முப்பது வருடங்களுக்கு முன் திசையன்விளையில் நடந்தது இது. உள்ளூர் ஆசிரியர் ஒருவர் என்னை வீடு வீடாக அழைத்துப் போனார். பஜாருக்குப் பின்னால் ஒரு வீட்டில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, கோமதி, இடுப்பில் பெண்குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். நம் பக்கத்து வழக்கப்படி முதலில் நான் யார் மகன் என்பதைச் சொன்னேன். பாளையங்கோட்டை, இன்ன பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் மகன். பிறகு எல்லா வீட்டிலும் சொல்வதையே சொன்னேன்: இந்த ரத்தத்தில் உங்கள் அம்மா, அம்மாவின் அம்மா எல்லாருடைய அடையாளமும் இருக்கிறது, பார்த்தால் தெரிந்துவிடும்.

அம்மாவின் அம்மா பேரைக் கேட்டதற்குத் தெரியாது என்றாள் கோமதி. கையை நீட்டத் தயங்கினாள். உள்ளறையிலிருந்து ஒரு பெண் குரல், "குடு கோமதி" என்றது. ஊசியை எடுத்த பிறகு அதே குரல் கேட்டது: "தம்பிக்கு அம்மா இருக்காவளா?"

இருக்கிறார்கள் என்றேன்.

"இப்பவும் சத்தம்போட்டுச் சிரிப்பாவளா?"

எனக்குத் திடுக்கென்றது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பாளையங்கோட்டைக்காரவ எல்லாம் அப்படித்தான சிரிப்பாவ" என்று பதில் வந்தது. ஆசிரியர் சிரித்தார். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. நாங்கள் எழுந்தோம்.

ஜெர்மனிக்குத் திரும்பி வேலையை ஆரம்பித்தேன். எங்கள் தொழிலில் ஒரு கட்டாய விதி உண்டு. மாதிரியைக் கையாளுகிறவரின் வியர்வையோ தோல் துகளோ குழாயில் விழுந்தால், முடிவில் அவருடைய டி.என்.ஏ.தான் தெரியும். அதனால் அங்கே வேலை செய்கிற எல்லோருடைய மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. எழுத்து வரிசையையும் முன்கூட்டியே பார்த்து வைத்திருப்போம். ஒரு மாதிரி அவர்களில் ஒருவருடையதோடு அப்படியே பொருந்தினால் அது அசுத்தம். தள்ளிவிட வேண்டும்.

கோமதியின் ரத்தம் என்னுடையதோடு பொருந்தியது. எழுத்துக்கு எழுத்து.

ஒன்றுபோல இருந்தால் நெருங்கிய உறவு என்று உடனே சொல்லிவிட முடியாது. பல நூறு வருடங்களுக்கு முன் பிரிந்தவர்களுக்கும் ஒன்றுபோல இருக்கலாம். ஆனால் என் வரிசையில் ஓர் இடத்தில் இரண்டு எழுத்துகள் கலந்து நிற்கும். அந்தக் கலப்பு தலைமுறை தலைமுறையாக அப்படியே நீடிப்பது அரிது. அதுவும் அங்கே இருந்தது. ஒன்று, அது என் கை பட்ட அசுத்தம். அல்லது அவள் எனக்கு மிக நெருங்கிய தாய்வழி.

ஹெல்கா என்ற மூத்த சக ஊழியரிடம் கோமதி ரத்தத்தின் இரண்டாவது குழாயைக் கொடுத்தேன். அதை நான் திறந்ததே இல்லை. அவர் வேறு அறையில் வைத்துப் பிரித்துப் பார்த்தார். மறுபடியும் அதே. வெள்ளை அங்கியைக் கழற்றிக்கொண்டே ஜெர்மன் மொழியில் சொன்னார்: "இது உங்கள் அழுக்கு இல்லை. இது உங்கள் உறவு."

இருக்காது என்றேன். அசுத்தம் என்றே போட்டு ஒதுக்கிவிடுங்கள் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பெரிய காரணம் இருந்திருந்தால் இன்றைக்குச் சொல்லிக்கொள்ளவாவது உதவும். இல்லை. ஆய்வுக்குள் என் சொந்தக்காரி வந்துவிட்டால் நான் விளக்கம் எழுத வேண்டும், கட்டுரை தாமதமாகும். அம்மாவிடம் சொன்னால் அழுவாள், உடனே வா என்பாள், எனக்கு லீவு இல்லை. ரத்தம் கொடுத்தவரின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்ற விதியும் கைக்கு வாகாக இருந்தது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தேன். அடுத்த முறை நான் ஊருக்குப் போனது அம்மாவின் அடக்கத்துக்கு.

கட்டுரை வெளிவந்தது. பாராட்டினார்கள். பெண்கள் கல்யாணமாகி ஊர்விட்டு ஊர் போவதால் தாய்வழி அடையாளம் இந்த ஆற்றோரத்தில் எப்படிப் பரவியிருக்கிறது என்று நான் எழுதிய பகுதியை மாணவர்களுக்குப் பாடமாகச் சொன்னார்கள். அப்படி ஊர்விட்டுப் போன ஒருத்தியை நான் தள்ளியிருந்தேன்.

போன குளிர்காலத்தில் ஆய்வுக்கூடத்தின் நிலவறைக் குளிர்பெட்டிகளைக் காலி செய்தார்கள். பழைய மாதிரிகளை எரித்துவிடப் போகிறோம், கடைசியாகப் பார்க்க வேண்டுமானால் வாருங்கள் என்று தொலைபேசியில் கூப்பிட்டார்கள். ஒதுக்கிய குழாய்கள் தனித் தட்டில் இருந்தன. கோமதியுடையதும் இருந்தது. உறைபனி படிந்து, ஓரத்தில் கொஞ்சம் கருஞ்சிவப்பு. அதை என் கண்ணெதிரேதான் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு வந்ததும் ஊருக்குப் போகிறேன் என்று மகளிடம் சொன்னேன்.

டயர் மாற்றியாயிற்று. இறங்காத அம்மாள், "போலாமா, இல்ல இன்னும் பதநீர் பாக்கி இருக்கா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார்.

திசையன்விளை பஜாரில் கோமதி வீட்டுப் பாத்திரக்கடையைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. கல்லாவில் இருந்தவர் கோமதியின் கணவர் நமசிவாயம். பாளையங்கோட்டையிலிருந்து வருகிறேன் என்றதும் சீர்வரிசைக்கு என்று நினைத்து ஒரு குத்துவிளக்கைத் துடைத்து முன்னே வைத்தார். இல்லை, வீட்டில் ஒரு விஷயம் பேச வேண்டும் என்றேன். "வீட்ல பேசுததுக்கு என்னைய விட அவதான் சரி. நேர போய் இடது பக்கம். நான் சாப்பாட்டுக்கு வாரேன்" என்றார்.

கோமதி கதவைத் திறந்தாள். அறுபது வயது. நரைத்த தலை, நெற்றியில் திருநீறு. ஒரு நொடி பார்த்தாள்.

"ரத்தம் எடுக்க வந்த சார்தான நீங்க?" என்றாள். "முடியெல்லாம் போயிட்டு. உள்ள வாங்க."

அதே கூடம். மின்விசிறிதான் புதிது. கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"அம்மா இல்ல சார். போயி கொஞ்ச வருஷமாச்சு. கடைசி வரைக்கும் நெனப்பு நல்லா இருந்துது."

"அம்மா பேரு..."

"இங்க சிவகாமி. அங்க ரூபி." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அன்னைக்கு நீங்க அந்தால போனதும் அம்மா வெளிய வந்தா. நீங்க குடிச்சிட்டு வச்ச டம்ளர கையில எடுத்துட்டு நின்னா. யாரும்மான்னு கேட்டேன். எங்க அக்கா மவன்னு சொன்னா. அது வரைக்கும் அம்மாவுக்கு ஒரு அக்கா உண்டுன்னே எனக்குத் தெரியாது."

"அப்பவே வெளியே வந்திருக்கலாமே" என்றேன்.

"அதத்தான் நானும் கேட்டேன். செத்துட்டான்னு சொன்னவிய வீட்டுப் பிள்ளைட்ட நானாப் போயி உயிரோட இருக்கேன்னு சொல்ல மாட்டேன்னா. ரோசம். ஆனா நீங்க சொன்னியள்லா, ரத்தத்துல எல்லாம் தெரியும்னு. ரத்தம் சொல்லும், நான் சொல்ல வேண்டாம்னா. அதுக்குத்தான் என்னையக் குடு குடுன்னா."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஆனா காலைல தலைக்குக் குளிச்சு, வெள்ளைச் சேல கட்டிட்டு உக்காந்திருப்பா. எங்கயும் போக மாட்டா. உக்காந்திருந்துட்டு, பத்து மணிக்கு மேல மாத்திட்டு அடுப்படிக்குப் போயிருவா. சின்னதுல இருந்து பாக்கேன், ஏன்னு தெரியாது. அன்னைக்குத்தான் சொன்னா."

எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலைதான். அம்மா ஆராதனைக்குக் கட்டுவது.

"எம்மவளுக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடியில உக்காத்தணும், எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. நீங்க வருவியன்னு அம்மா அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு தள்ளிட்டே போனா. பிள்ள பள்ளிக்கூடம் போற வரைக்கும் மூளிக் காதோட இருந்தா. பொறவு பக்கத்து வீட்டு அண்ணாச்சி மடியில வச்சுக் குத்தினோம்."

என் தொழிலில் இதை எத்தனையோ முறை படம் போட்டு விளக்கியிருக்கிறேன். ஒரு குழந்தைக்கு இருக்கிற அதே தாய்வழி அடையாளம் அதன் தாய்மாமனிடமும் இருக்கும். அப்பாவிடம் இருக்காது. என் மகள்கள் இருவரிடமும் இருப்பது என் ஜெர்மன் மனைவியின் அம்மாவுடையது. நான் அம்மாவுக்கு ஒரே பிள்ளை. அம்மாவின் அடையாளம் இனிமேல் தொடர்வதென்றால் இந்த வீட்டில், மூளிக் காதோடு இருந்த அந்தப் பிள்ளையிடம்தான்.

"ஒண்ணு கேக்கணும் சார்" என்றாள் கோமதி. "ரத்தத்துல தெரியலியா?"

நான் ஆறிப்போன காப்பியைக் கையில் எடுத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"வெயில்ல கொண்டு போனிய. அவ்வளவு தூரம் போகணும். கெட்டுப் போயிருக்கும்லா? நான் அம்மாட்ட அப்படித்தான் சொன்னேன். ரத்தம் கெட்டுப் போயிருக்கும்மா, அதான் அவிய வரலன்னு. அவளும் அதான் இருக்கும்னு சமாதானமாயிட்டா. அந்த நெனப்புலதான் போனா."

தலையை ஆட்டினால் போதும். ரத்தம் கெட்டுப்போவது உண்டு. யாரும் மறுக்க முடியாது. அவளுக்கும் அது போதுமாக இருந்திருக்கும். எழுபத்தைந்து வயதில் ஒரு நல்ல காரியம் செய்ததாக நானும் நினைத்துக்கொண்டு விமானம் ஏறியிருக்கலாம்.

"கெடல கோமதி" என்றேன். "தெரிஞ்சுது. ரெண்டு தடவ பாத்தேன். ரெண்டு தடவையும் தெரிஞ்சுது."

"பொறவு?"

"என் கை பட்ட அழுக்குன்னு சொல்லித் தள்ளிட்டேன். எங்க அம்மாட்டயும் சொல்லல. அம்மா அப்போ உயிரோட இருந்தாங்க. சித்தி இருக்காளான்னு பாக்கச் சொல்லித்தான் அனுப்பினாங்க."

வெளியே மாடித் தொட்டி நிறைந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கோமதி எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினாள். உடனே வரவில்லை. தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை அங்கேயே நின்றாள் என்று நினைக்கிறேன். திரும்பி வந்து, வாசல் நிலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா இதக் கேக்காமப் போனா. அது ஒண்ணுதான் நல்லது."

நான் எழுந்தேன். "உக்காருங்க. இலை போட்டாச்சு" என்றாள்.

உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், அவியல். கேட்டுக் கேட்டுப் போட்டாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நமசிவாயம் வந்து கைகழுவி எதிரே உட்கார்ந்தார். ஜெர்மனியில் உளுந்து கிடைக்குமா, குத்துவிளக்கு போனால் விற்குமா என்று விசாரித்தார். மனைவியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இவ ஏன் இப்படி இருக்கா? திரும்ப ரத்தம் கேட்டியளா சார்?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். "இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோடயா போறிய?" என்று சிரித்தார். கோமதி அவருக்கு மோரை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

புறப்படும்போது வாசல் வரை வந்தாள்.

"பெரியம்மாவ எங்க வச்சிருக்கு?"

"பாளையங்கோட்டையில. கல்லறைத் தோட்டத்துல."

"ஞாயித்துக்கிழமை வாரேன். புது பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க சார்."

சனிக்கிழமை சாயங்காலம் மகள் ஜெர்மனியிலிருந்து கூப்பிட்டாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை. ஜெர்மன் மொழியிலேயே பேசினோம். "அந்த அம்மாள் உங்களை மன்னித்துவிட்டாரா?" என்று கேட்டாள். அதைப் பற்றி அவள் பேசவில்லை என்றேன். "நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்களா?" யோசித்துப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டிய பாரமும் அவளுக்கு வந்திருக்கும். மகள், "மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் அவள் வருவாளா என்று ஒவ்வொரு திசையன்விளை வண்டியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வண்டியில் அந்த டயர் கண்டக்டர் இருந்தார். "அண்ணாச்சி, இன்னைக்கு டயர் நல்லாருக்கு, ஏறுங்க" என்றார். அதற்கடுத்த வண்டியில் கோமதி வந்தாள். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது. சேலையில் பழைய பட்டு நூல் கரை, மடிப்பில் மஞ்சள் பாரித்திருந்தது.

"அம்மா சேல" என்றாள்.

பாளையங்கோட்டையில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது வேதக்கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆராதனைக்குப் போகிற பெண்கள் கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நடந்தோம். எல்லாம் வெள்ளைச் சேலைகள். ஒரு பாட்டியம்மா கோமதியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நெற்றியைக் கவனித்ததும் குழம்பி என்னைப் பார்த்தார். அவர்கள் கோயிலுக்குத் திரும்பினார்கள். நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பினோம்.

அம்மாவின் கல்லைக் கண்டுபிடிக்க எனக்குத்தான் நேரமாயிற்று. காய்ந்த புல்லை ஒதுக்கினேன். அம்மாவின் பெயர், அதன் கீழே இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று இருந்தது. இன்னாரின் அக்கா என்று கல்லில் போடும் வழக்கம் கிடையாது.

நான் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றேன். ஜெபம் செய்யலாமா என்று கேட்க நினைத்தேன்.

"நீங்க அங்கன போயி நில்லுங்க சார்" என்றாள் கோமதி. வேப்பமரத்தைக் காட்டினாள். "அம்மா பெரியம்மாட்ட சொல்லணும்னு வச்சிருந்தது கொஞ்சம் இருக்கு. எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கா."

போய் நின்றேன். பேச்சு கேட்காத தூரம். அவள் கல்லுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையை மடியில் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாள். ஒருமுறை கையை நீட்டி எதையோ அளந்து காட்டினாள். ஒருமுறை கண்ணைத் துடைத்தாள். வெயில் மரத்தைத் தாண்டி என் மேல் விழுந்தது. நகரவில்லை. நிற்கச் சொன்ன இடம் அது.

அப்போது அவள் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, வாயை மூடாமல், சத்தமாக. சாலையில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

சிரிப்பு மைட்டோகாண்ட்ரியாவில் வருவதில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் தெருமுனையில் திரும்பி வீட்டுக்கு வருகிறவனைப் போல நான் நின்றேன். உள்ளே அம்மா எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியவில்லை. போய்க் கேட்கவும் முடியவில்லை. மறுபடியும் அந்தச் சிரிப்பு கேட்டது.